உஷார்! மஞ்சள் விளக்கு சிமிட்டினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள்

ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் காரின் டேஷ்போர்டில், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? கூடவே ஸ்டீயரிங்கும் சீட்டும் உதறுகின்றனவா? மிதித்தாலும் பிக்கப் இல்லாமல் வண்டி திணறுகிறதா? ‘அடுத்த சர்வீஸில் சொல்லிக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். அந்த விளக்கு நிலையாக எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் காட்ட வேண்டும் என்று பொருள். சிமிட்டினால், அந்த நிமிஷமே உங்கள் வண்டியின் விலை உயர்ந்த பாகம் ஒன்று வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவைக் கூட்டும்.

பட்டறையில் இதை ‘வண்டி மிஸ் அடிக்குது’ என்பார்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை பெட்ரோலும் காற்றும் பற்றி எரிய வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன் எல்லாம் ஒவ்வொரு முறையும் கூடி வர வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த சிலிண்டர் அந்தச் சுற்றில் வேலை செய்யாது. நாலு சிலிண்டரில் ஒன்று போனால் உதறல். இன்று சாலையில் ஓடும் சின்னக் கார்களில் ஏராளமானவை மூன்று சிலிண்டர் வண்டிகள். அவற்றில் ஒன்று நின்றால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். இருவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது, எதிரே பஸ் வரும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எரியாத பெட்ரோல் எங்கே போகிறது? அதுதான் பெரிய ஆபத்து. அது அப்படியே வெளியேறி கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் நுழைகிறது. பட்டறையில் ‘கேட்கான்’ என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தப் பெட்டிக்குள், பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசிய பீங்கான் தேனடை போன்ற கட்டி இருக்கிறது. சாதாரணமாகவே அது சில நூறு டிகிரி சூட்டில்தான் வேலை செய்யும். பச்சைப் பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்து உள்ளே போனால் அங்கேயே பற்றி எரிந்து, சூடு ஆயிரம் டிகிரியையும் தாண்டும். பூச்சு பாழாகும். இன்னும் ஏறினால் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு மிஸ்ஸிங்கைச் சரி செய்தாலும், புகை வெளியேற வழியில்லாமல் வண்டி இழுக்காது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு காயிலை மாற்றி இரண்டாயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல பத்தாயிரங்களை விழுங்கும் வேலையாக மாறுவது இப்படித்தான்.

பணம் மட்டும் போவதில்லை. சில வண்டிகளில் கேட்கான் இன்ஜினை ஒட்டியே இருக்கும், சிலவற்றில் நம் காலடிக்குக் கீழே இருக்கும். கிராமத்துச் சாலைகளில் கொள்ளுச் செடியையும் உளுந்துச் செடியையும் வண்டிகள் மிதிக்கட்டும் என்று பரப்பியிருப்பார்கள். அதன் சருகு அடியில் சிக்கினாலே ஆபத்து. மிஸ் அடித்துச் சிவக்கக் காய்ந்த கேட்கானோடு அதன் மேல் ஓட்டினாலோ, காய்ந்த புல் மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினாலோ, தீப்பிடிக்க வேறெதுவும் தேவையில்லை. உள்ளே இன்னொரு சேதமும் சத்தமில்லாமல் நடக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவி இறக்கி, கீழே இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் குச்சியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். நீர்த்துப்போன ஆயிலோடு ஓடும் இன்ஜினுக்கு ஆயுசு குறைவு.

ஆகவே விளக்கு சிமிட்டியதும் காலை எடுங்கள். ஏசியை அணையுங்கள். வேகத்தை மெதுவாகக் குறைத்து, சருகும் புல்லும் இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். வேகம் குறைந்ததும் சிமிட்டல் நின்று நிலையாக எரிந்தால், பக்கத்துப் பட்டறைவரை மெல்ல உருட்டிக்கொண்டு போகலாம். மேடு ஏறாதீர்கள், ஓவர்டேக் செய்யாதீர்கள். நிதானமாகப் போனாலும் சிமிட்டிக்கொண்டே இருந்தால் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033 என்ற எண் உதவிக்கு உண்டு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சிமிட்டல் தானாக நின்றதால் கோளாறு சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். பல புதிய வண்டிகளில், கேட்கானைக் காப்பாற்றுவதற்காக, மிஸ் ஆகும் சிலிண்டருக்குப் போகும் பெட்ரோலை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவே நிறுத்திவிடும். விளக்கு அமைதியாகும். ஆனால் வண்டி ஒரு சிலிண்டர் குறைவாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சாலையில் தப்பித்தவர்கள் அடுத்து மாட்டிக்கொள்வது பட்டறையில்.

‘நாலு பிளக்கையும் மாத்திருவோம் சார்.’ மாற்றியும் நிற்கவில்லையா? ‘காயில் செட்டா போட்டுடலாம்.’ அப்புறம் இன்ஜெக்டர். அப்புறம் பெட்ரோல் பம்ப். கடைசியில் ‘ஈசியூ போயிடுச்சு’. ஒவ்வொரு கட்டத்திலும் பில் ஏறும், மிஸ்ஸிங் அப்படியே இருக்கும். நல்ல மெக்கானிக்குகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். காதாலேயே கோளாறைச் சொல்லும் கைதேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் தேடிக் கண்டுபிடிக்காமல், மாற்றி மாற்றிப் பார்ப்பதையே வழியாக வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது, தீப்பொறியா, பெட்ரோலா, காற்றா, கம்ப்ரஷனா என்று தெரியாமல் ஒரு ரூபாய்ப் பாகம்கூட மாற்ற விடாதீர்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

எந்த சிலிண்டர் என்பதை வண்டியே சொல்லும். பி.எஸ். 6 விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்பட்ட கார்களிலும், அதற்கு முந்தைய பல கார்களிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் சாக்கெட் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை சென்சார் கணந்தோறும் அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாத நொடியில் அந்த வேகம் சற்றே தளரும். அது எந்த சிலிண்டரின் முறை என்று கணக்கிட்டு ஈசியூ ஒரு கோடாக (code) குறித்து வைக்கும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, அப்படியே மேலே. பி0300 வந்தால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மாறி மாறி மிஸ் ஆகிறது. இந்த ஒரு வித்தியாசமே பாதித் தேடலை மிச்சப்படுத்தும். ஒரே சிலிண்டர் என்றால் அந்த சிலிண்டருக்கு மட்டும் உரிய பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு. எல்லா சிலிண்டரும் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான பெட்ரோல், காற்றுக் கசிவு, பம்ப், டைமிங்.

ஸ்கேனரை மாட்டியதும் ‘எரர் அழிச்சாச்சு, ஓட்டிப் பாருங்க’ என்று சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். கோளாறு நடந்த கணத்தில் இன்ஜின் என்ன வேகத்தில் இருந்தது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு லோடு இருந்தது என்பதையும் ஈசியூ ஒரு படம்போல் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். கோடை அழித்தால் அதுவும் அழியும். தடயம் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அழிக்கட்டும். போனோடு இணைக்கும் சின்ன அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் வாங்கி வைத்திருப்பது நல்லது.

இங்கே ஒரு பொய்த் தடயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். சிலிண்டரில் எரியாமல் போன காற்று வெளியேறும்போது, அதிலுள்ள ஆக்ஸிஜனைப் பார்த்து, ‘பெட்ரோல் போதவில்லை’ என்று ஆக்ஸிஜன் சென்சார் சொல்லும். அதை நம்பி ஈசியூ எல்லா சிலிண்டருக்கும் இன்னும் பெட்ரோலை ஊற்றும். மிஸ்ஃபயர் கோடோடு சேர்ந்து ஆக்ஸிஜன் சென்சார் கோடோ, கலவை மெலிந்தது என்ற கோடோ வந்தால், சென்சாரை மாற்ற ஓடாதீர்கள். சென்சார் பார்த்ததைத்தான் சொல்கிறது. மிஸ்ஸிங்கை முதலில் நிறுத்துங்கள், பிறகு அந்தக் கோடு திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

ஒரே சிலிண்டர் என்று தெரிந்துவிட்டால், காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. இன்றைய கார்களில் பெரும்பாலும் பிளக்குக்கு ஒரு காயில், பிளக்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டாவது சிலிண்டர் மிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை அணைத்து, ஆறவிட்டு, இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டச் சொல்லுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது, குற்றவாளி அதுதான். ஒரே ஒரு காயில் வாங்கினால் போதும். பி0302-விலேயே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லையென்றால் இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். இந்த வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் காயில் செட்டையே மாற்றச் சொல்லும் இடத்தில் உங்கள் வண்டியை விடாதீர்கள். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கழற்றிய காயில் மலிவாகக் கிடைக்கும். சோதித்துப் பார்க்க அது உதவும், நிரந்தரமாக மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

காயிலைக் கழற்றும்போதே அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் தேங்கியிருந்தால் மேல் மூடியின் கேஸ்கெட் கசிகிறது. அதைச் சரி செய்யாமல் போடும் புதிய காயிலும் சில மாதத்தில் போகும். காயிலின் ரப்பர் கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா? பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா? தீப்பொறி நுனிக்குப் போகாமல் அந்த வழியாக எர்த் ஆகிக்கொண்டிருந்ததற்கு அடையாளம் அது. மழையில் மட்டும், பனிக்காலை ஈரத்தில் மட்டும் மிஸ் ஆகும் வண்டிகளில் இதை முதலில் தேடுங்கள்.

பிளக்குகளைக் கழற்றியதும் தூக்கிப் போட விடாதீர்கள், வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்கச் சொல்லுங்கள். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். ஆயில் பிசுபிசுப்பு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் பயப்பட வேண்டும்: அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்குகிறது. பிளக்கின் இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உரிமையாளர் கையேட்டில் போட்டிருக்கும் பிளக்கையே வாங்குங்கள். போலி பிளக் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது, பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அம்பாசடர், பத்மினி காலத்தில், ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லை என்று பார்த்து மிஸ் ஆகும் சிலிண்டரைக் கண்டுபிடிப்பார்கள். அந்த வண்டிகளில் கேட்கான் கிடையாது, ஈசியூ கிடையாது. இன்றைய காரில் அதே வேலையைச் செய்தால், பிடுங்கிய சிலிண்டரின் பெட்ரோல் முழுதும் கேட்கானுக்குள் கொட்டும். வெளியே வந்த தீப்பொறி காயிலையும் ஈசியூவையும் சேர்த்துப் பதம் பார்க்கும். அந்த மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட், 20,000-ஐயும் தாண்டும். கை பட்டால் தூக்கி வீசும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. அப்படித்தான் சோதிக்க வேண்டும் என்றால் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கட்டும். அப்போது பெட்ரோலே உள்ளே போகாது, கேட்கான் தப்பிக்கும்.

ஸ்கேனர் சொல்லாததை, ‘எப்போது மிஸ் ஆகிறது?’ என்ற கேள்வி சொல்லும். அதற்குப் பதில் ஓட்டுகிற உங்களிடம்தான் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் உதறி, வேகம் எடுத்தால் சரியாகிறதா? எங்கோ காற்று இழுக்கிறது, ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம். ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் ட்ரிம் எண்ணை ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் அது கூடுதலாக நின்று, 2500 சுற்றில் இறங்கினால் காற்றுக் கசிவேதான். அதற்கு நேர்மாறாக, மேட்டில் மிதிக்கும்போது அந்த எண் ஏறினால் பம்போ ஃபில்டரோ பெட்ரோலைப் போதுமான அளவு தரவில்லை. மேட்டிலும் லோடிலும் மட்டும் ஒரு சிலிண்டர் விட்டுப்போனால் காயிலோ பிளக்கோ பலவீனம். ராத்திரி நன்றாக ஓடிய வண்டி காலையில் மிஸ் அடித்தால் பானெட்டைத் திறந்து எலியைத் தேடுங்கள். வயரைக் கடித்திருக்கும், புழுக்கை கிடக்கும். நம் ஊரில் இது அத்தனை சாதாரணம். பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரில் எல்லா சிலிண்டரும் தடுமாறத் தொடங்கினால் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தேங்கும், பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். வண்டியை மேலும் ஓட்டாமல், டேங்க்கிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மாதிரி எடுத்து வையுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். மாதிரி இல்லாமல் பங்க்கில் போய்ப் பேசிப் பயனில்லை.

சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. போட்டு ஓட்டுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். பெட்ரோலில் நன்றாக ஓடி, கேஸுக்கு மாற்றியதும் மிஸ் ஆனால் முதல் சந்தேகம் பிளக், காயில். அடுத்து கேஸ் ஃபில்டர். கேஸிலேயே வெகுதூரம் ஓடிய வண்டியில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து டேப்பட் இடைவெளி குறைந்துவிடும். சூடானதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். டேப்பட் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டால் வால்வு கருகி ஹெட்டை இறக்க வேண்டி வரும்.

காயிலும் பிளக்கும் இன்ஜெக்டரும் சரி என்று ஆன பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட் தவிர்க்க முடியாது. பெட்ரோல் இன்ஜின்களில் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை வருவது வழக்கம். அந்த எண்ணைவிட எல்லா சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் மிஸ் அடித்து, வெள்ளைப் புகை விட்டு, பிறகு சரியாகிற வண்டியில் கூலன்ட் அளவை வாரம்தோறும் பாருங்கள். வெளியே ஒழுகாமல் அளவு குறைந்துகொண்டே போனால் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும்.

‘கேட்கானை எடுத்துட்டு வெறும் பைப் போட்டா சரியாயிடும்’ என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். மிஸ்ஸிங் அதனால் நிற்காது, விஷப் புகை நேரே காற்றில் கலக்கும், அது சட்டப்படியும் குற்றம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொரு உஷார். மிஸ் அடிக்கும் வண்டியின் கோடை விற்கும் காலையில் அழித்துவிட்டால், சோதனை ஓட்டத்தின்போது விளக்கு எரியாது. அதனால் இன்ஜின் ஆறியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், அவர்கள் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். உங்கள் அடாப்டரை மாட்டி ‘ரெடினஸ்’ பக்கத்தைத் திறங்கள். பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால் கோடை அழித்து அதிக நேரம் ஆகவில்லை, அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் அந்த விளக்கு வரவே இல்லையென்றால், கோளாறை மறைக்க அதைத் துண்டித்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த வண்டியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.